மாயா நிலத்தை மிதிக்காமலே மாயா எழுத்தைத் திறந்தவர்

1952ஆம் ஆண்டில், மத்திய அமெரிக்காவின் பழங்குடி நாகரிகமான மாயாவைப் பற்றிய ஆய்வில் இரண்டு காரியங்கள் நடந்தன. மெக்சிகோவின் பலென்கே நகரில், கல்வெட்டுக் கோயில் எனப்படும் பிரமிடின் உள்ளே இறங்கும் படிக்கட்டைச் சில ஆண்டுகளாகத் தூர்வாரிக்கொண்டிருந்த தொல்லியலாளர் அல்பெர்த்தோ ரூஸ், அடித்தளத்தில் ஒரு மன்னனின் கல்லறையைக் கண்டார். முகத்தில் பச்சைக்கல் முகமூடி. பெரிய கல் சவப்பெட்டியின் விளிம்பெங்கும் எழுத்து. ஆனால் உள்ளே கிடப்பவர் யார் என்று அந்த எழுத்தைப் படித்துச் சொல்ல உலகில் ஒருவராலும் முடியவில்லை. அதே ஆண்டு, ‘சோவியத் இனவரைவியல்’ என்ற ரஷ்ய ஆய்விதழில் மத்திய அமெரிக்காவின் பழைய எழுத்து பற்றி ஒரு கட்டுரை வெளிவந்தது. எழுதியவர் முப்பது வயதைக்கூட எட்டாத யூரி க்னோரோசோவ். மெக்சிகோவையோ குவாத்தமாலாவையோ அவர் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்க அனுமதி கிடைக்கும் என்ற நம்பிக்கையும் இல்லை.

பலென்கே மன்னனின் பெயர் வாசிக்கப்பட இன்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதற்கான வழியைத் திறந்தது அந்த ரஷ்யக் கட்டுரைதான். அப்படியென்றால் இடையில் ஏன் இருபது ஆண்டுகள்? க்னோரோசோவின் வாழ்க்கையைப் படிக்கும் எவரும் கேட்க வேண்டிய கேள்வி இது.

அன்றைய நிலைமை என்ன? மாயா எண்கள் தெரிந்திருந்தன. ஒரு புள்ளி ஒன்று, ஒரு கோடு ஐந்து, சிப்பி வடிவம் சுழியம். ட்ரெஸ்டன் நூலகத்தின் நூலகராக இருந்த எர்ன்ஸ்ட் ஃபோர்ஸ்ட்டமான், தன் பொறுப்பில் இருந்த மாயா சுவடியை 1880களில் வரிவரியாகக் கணக்கிட்டு, அதில் வெள்ளிக் கோளின் 584 நாள் சுழற்சி அட்டவணையாக இருப்பதைக் காட்டினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கல்லில் செதுக்கிய தேதியை நம் நாட்காட்டிக்கு மாற்றும் வழியும் வகுக்கப்பட்டது. ஆக, எந்த நாள் என்று படிக்க முடிந்தது. அந்த நாளில் என்ன நடந்தது என்பது மட்டும் தெரியவில்லை.

அந்த வெற்றிடத்தை ஒரு கோட்பாடு நிரப்பியது. கல்லில் உள்ளவை அனைத்தும் காலக்கணக்கும் வானியலும் மட்டுமே. மாயாக்கள் போரறியாத வானியல் பூசாரிகள். அவர்களுடைய குறிகள் ஒலியைக் குறிப்பவை அல்ல, கருத்துகளையே குறிப்பவை. இந்தக் கோட்பாட்டின் முதன்மைக் குரல் ஆங்கிலேய மாயா ஆய்வாளர் எரிக் தாம்ப்சன். அவரைச் சிறுமைப்படுத்திப் பேசுவது இன்று எளிது; ஆனால் அது நியாயமில்லை. மாயா நாட்காட்டியில் அவருக்கு இருந்த புலமை மிகப் பெரியது. 1962இல் அவர் தொகுத்த குறிப்பட்டியலின் எண்களை ஆய்வாளர்கள் இன்றும் கையாளுகிறார்கள். ஆனால் எழுத்து ஒலியைக் குறிக்கக்கூடும் என்று யாராவது சொன்னால், அவரை எழவிடாமல் அடித்துவிடும் செல்வாக்கும் அவருக்கு இருந்தது.

ஒலி என்ற பேச்சே அபத்தமாகத் தோன்றியதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. மெக்சிகோவின் யூகத்தான் பகுதியில் பணியாற்றிய பிரான்சிஸ்கன் பாதிரியார் டியேகோ தெ லாந்தா, 1562 ஜூலையில் மானி என்ற ஊரில் மாயா சுவடிகளையும் தெய்வ உருவங்களையும் குவித்துத் தீயிட்டார். உலகில் இன்று மிஞ்சியிருப்பவை ட்ரெஸ்டன், மாட்ரிட், பாரிஸ் சுவடிகளும், 1971இல் வெளிச்சத்துக்கு வந்த நான்காவது ஒன்றும் மட்டுமே. எரித்த அதே கை, சில ஆண்டுகள் கழித்து யூகத்தானின் பழக்கவழக்கங்களைப் பற்றி நீண்ட குறிப்பேடு ஒன்றை எழுதியது. அதன் சுருக்கப் பிரதி ஒன்று 1862இல் மாட்ரிட் ஆவணக் காப்பகத்தில் கிடைத்தது. அதில் ‘மாயா அரிச்சுவடி’ என்று ஒரு பக்கம் இருந்தது. அ, பெ, செ என ஸ்பானிய எழுத்துகளுக்கு நேராக மாயா குறிகள். ஆய்வாளர்கள் துள்ளிக் குதித்து, அதை வைத்துச் சுவடிகளைப் படிக்கப் பார்த்தார்கள். பிதற்றல்தான் வந்தது. பலமுறை சூடுபட்ட பிறகு, லாந்தாவின் பக்கம் வெறும் குழப்பம் என்று ஒதுக்கிவைத்தார்கள்.

க்னோரோசோவ் 1922இல் உக்ரைனின் கார்க்கிவ் நகருக்கு அருகே பிறந்தவர். கார்க்கிவ் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்துக்கொண்டிருந்தபோது போர் வந்தது. ஊர் ஜெர்மானியர் கையில் விழுந்தது. பிறகு மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இனவரைவியல் பயின்றார். எகிப்திய எழுத்திலும் அவருக்குப் பயிற்சி உண்டு. 1945இல் பெர்லின் நூலகம் எரிந்துகொண்டிருக்கையில் சோவியத் வீரராக உள்ளே பாய்ந்து மாயா சுவடிகளின் அச்சுப்பிரதியை மீட்டார் என்றொரு கதை உலகெங்கும் சுற்றுகிறது. தீயெல்லாம் கிடையாது என்று அவரே பின்னாளில் மறுத்துவிட்டார். அவருடைய மேசையில் இரண்டு நூல்கள் இருந்தன என்பது மட்டும் உறுதி: குவாத்தமாலாவில் அச்சான மூன்று சுவடிகளின் கோட்டோவியப் பதிப்பும், லாந்தாவின் குறிப்பேடும். இன்னொன்றும் அவர் கைக்கு வந்தது. ஜெர்மானிய அறிஞர் பால் ஷெல்ஹாஸ், மாயா எழுத்தைப் படிப்பது தீர்வில்லாத சிக்கல் என்று மனம் தளர்ந்து எழுதிய கட்டுரை. ஒரு மனித மூளை உண்டாக்கியதை இன்னொரு மனித மூளையால் ஏன் அவிழ்க்க முடியாது என்ற எண்ணம்தான், அதைப் படித்தபோது அவருக்கு எழுந்தது.

பகைவர் பிடித்த ஊரில் வாழ்ந்த குடும்பம் என்ற கறை சோவியத் ஆட்சியில் எளிதில் போகாது. மாஸ்கோவில் மேற்படிப்புக் கதவு சாத்தப்பட்டது. லெனின்கிராடில் ஓர் இனவரைவியல் அருங்காட்சியகத்தில் வேலை கிடைத்தது. பிறகு 1953இல் அதே நகரின் குன்ஸ்ட்காமெரா அருங்காட்சியகத்துக்கு மாறி, வாழ்நாள் முழுக்க அங்கேயே இருந்தார்.

அவர் செய்த வேலையைச் சற்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும். முதலில் எண்ணிக்கை. அரிச்சுவடி வகை எழுத்துக்கு இருபது முப்பது குறிகள் போதும். அசைகளை எழுதும் முறைக்கு ஏறக்குறைய நூறு. சீனம்போல் சொல்லுக்கொரு குறி என்றால் ஆயிரக்கணக்கில் வேண்டும். மாயாவில் இருப்பவை சில நூறு. அரிச்சுவடிக்கு மிக அதிகம். சொல்லெழுத்துக்கு மிகக் குறைவு. எகிப்திலும் சுமேரியாவிலும் இருந்ததுபோல் சொற்குறியும் அசைக்குறியும் கலந்த முறையாகத்தான் இது இருக்க முடியும் என்று அவர் தீர்மானித்தார்.

அடுத்து லாந்தாவின் பக்கம். பாதிரியார் எழுத்தின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கேட்டிருக்கிறார். எதிரே இருந்த மாயா எழுத்தர், காதில் விழுந்த அசையை எழுதியிருக்கிறார். ஸ்பானியத்தில் ‘பெ’ என்றால் ஓர் எழுத்தின் பெயர். யூகத்தேக் மாயா மொழியில் ‘பெ’ என்றால் பாதை. எழுத்தர் காலடித் தடம் பதிந்த பாதையை வரைந்துவிட்டார். சுருக்குக் கயிறு என்று பொருள்படும் ‘லெ’ என்ற சொல்லை எழுதச் சொல்லி, லாந்தா எழுத்துக்கூட்டிக் காட்டியபோது, எழுத்தர் கேட்ட எல்லா அசைகளையும் வரிசையாக ‘எ–லெ–எ–லெ’ என்று எழுதினார். ‘எனக்கு விருப்பமில்லை’ என்ற பொருளில் ‘மா இன் காதி’ என்றொரு முழு வாக்கியமும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது. ஒவ்வொரு குறியும் ஓர் அசை. லாந்தா பதிவு செய்தவை சரியானவையே. அவற்றை அரிச்சுவடி என்று அவர் நினைத்ததுதான் தவறு. நூறு ஆண்டுகளாகக் குப்பை என்று தள்ளப்பட்ட பக்கத்தை, அதை எழுதிய மாயாக்காரரின் இடத்தில் நின்று பார்த்தவர் க்னோரோசோவ். அவருடைய திறமை இங்கேதான் மிளிர்கிறது என்பேன்.

மூன்றாவது, சோதனை. சுவடிகளில் படத்துக்கு மேலே எழுத்து இருக்கும். ஒரு வான்கோழிப் படத்தின் மேல் இரண்டு குறிகள். முதலாவது லாந்தாவின் பக்கத்தில் ‘கு’. யூகத்தேக் மொழியில் வான்கோழி ‘குட்ஸ்’. அப்படியானால் இரண்டாவது குறி ‘ட்ஸு’வாக இருக்கலாம். இது இதுவரை வெறும் ஊகம். இப்போது அதே ‘ட்ஸு’ வேறு எங்கே வருகிறது என்று தேடினார். ஒரு நாயின் படத்துக்கு மேல் வந்தது. அதையடுத்து லாந்தாவின் ‘லு’. சேர்த்தால் ‘ட்ஸுலு’. காலனியக் கால அகராதியில் ‘ட்ஸுல்’ என்றால் வீட்டு நாய். இன்னோரிடத்தில், நாட்காட்டிக் கணக்குப்படி பதினொன்று என்ற எண் வர வேண்டிய இடம். புள்ளியும் கோடும் இல்லாமல் எழுத்தால் எழுதப்பட்டிருக்கிறது. முதல் குறி சிதைந்திருக்கிறது. மற்றவை ‘லு’, ‘கு’. யூகத்தேக்கில் பதினொன்று ‘புலுக்’. ஒரு சொல்லில் பெற்ற மதிப்பு, தொடர்பே இல்லாத இன்னொரு சொல்லில் பொருந்துகிறது. அங்கிருந்து மூன்றாவதில் பொருந்துகிறது. எழுத்து படிக்கப்பட்டது என்று சொல்ல இதைவிட நல்ல சான்று கிடையாது.

சொல் ‘குட்ஸ்’, எழுதியிருப்பதோ ‘குட்ஸு’. மாயா எழுத்தில் நம் புள்ளிக்கு நிகராக எதுவும் இல்லை. சொல்லின் இறுதி மெய்யை எழுத வேண்டுமானால் ஓர் உயிர்மெய்யைப் போட்டு, அதன் உயிரை விட்டுவிட்டுப் படிக்க வேண்டும். எந்த உயிர்? முன்னால் வந்த உயிரேதான் என்று விதி கண்டார் க்னோரோசோவ்: ‘கு’வுக்குப் பின் ‘ட்ஸு’, ‘ட்ஸு’வுக்குப் பின் ‘லு’. புள்ளி இடும் பழக்கம் ஏற்படுவதற்கு முன் வெட்டப்பட்ட தமிழிக் கல்வெட்டுகளைப் படிப்பவர்களுக்கும் எது மெய், எது உயிர்மெய் என்ற கேள்வி உண்டு. நம் வாசகர்களுக்கு இந்தச் சிக்கல் சட்டென்று விளங்கும். இந்த விதிக்கு விலக்குகள் ஏராளம் என்பது பின்னாளில் தெரிந்தது. ஆனாலும் அடிப்படை நின்றது.

1955இல் மாஸ்கோவில் லாந்தாவைப் பற்றிய ஆய்வேட்டை வாதிட்டார். தொடக்கநிலைப் பட்டத்துக்கு வந்தவருக்கு நேரடியாக முனைவர் பட்டமே வழங்கினார்கள். ஆனால் நடுக்கத்தோடுதான் அவர் அந்த அரங்குக்குள் போயிருக்கிறார். கொலம்பஸுக்கு முந்தைய அமெரிக்க மக்கள் அரசு என்ற கட்டத்தை எட்டாதவர்கள் என்பது மார்க்சின் தோழர் எங்கெல்ஸின் வகைப்பாடு. அரசு இருந்தது, முழுமையான எழுத்து இருந்தது என்று சொல்வது அந்த நாட்டில் ஆபத்தான பேச்சு.

கடலுக்கு அப்பால் வேறு வகை ஆபத்து. 1952 கட்டுரையின் முன்னால் இதழாசிரியர் ஒரு குறிப்பைச் சேர்த்திருந்தார்: முதலாளித்துவ அறிஞர்கள் தோற்ற இடத்தில் மார்க்சிய-லெனினிய முறை வென்றது என்று. பனிப்போர் உச்சத்தில் இருந்த நேரம். தாம்ப்சனுக்கு வேறென்ன வேண்டும்? 1953இல் ஒரு மெக்சிகோ இதழில் கடுமையாகத் தாக்கினார். தாக்குதலின் பெரும்பகுதி அந்த முன்குறிப்பின் மேல்தான். வான்கோழியும் நாயும் பதினொன்றும் ஏன் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை. தனித்தனி வாசிப்புகளில் தவறுகள் இருந்தன. அவற்றைக் காட்டி முழு முறையையும் தூக்கியெறிந்தார். 1975இல் இறக்கும்வரை ஒலி வாசிப்பை அவர் ஏற்றுக்கொள்ளவே இல்லை. இருபது ஆண்டுகள் போனதற்கு மொழித்தடை ஒரு காரணம்; ஓர் அறிஞரின் வாக்கைச் சான்றுக்கு மேலாக வைத்த துறையின் மனப்பாங்கு அதைவிடப் பெரிய காரணம் என்பதே என் தீர்மானம்.

ஆனாலும் சிலர் படித்தார்கள். 1956இல் கோபன்ஹேகனில் நடந்த அமெரிக்கவியலாளர் மாநாட்டுக்குக் க்னோரோசோவுக்கு அனுமதி கிடைத்தது. அங்கே அமெரிக்க ஆய்வாளர் டேவிட் கெல்லி அவரைச் சந்தித்தார். அமெரிக்க மாயா ஆய்வாளர் மைக்கேல் கோவின் மனைவி சோஃபி கோ, ரஷ்யக் குடும்பத்தில் பிறந்தவர். க்னோரோசோவின் எழுத்துகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். அவருடைய மொழிபெயர்ப்பு இல்லாமல் அடுத்த தலைமுறை உருவாகியிருக்காது. பெருங்கதைகளில் இப்படிப்பட்டவர்களின் பெயர் அடிக்குறிப்போடு நின்றுவிடுவது எனக்கு வருத்தமே.

இன்னொரு பக்கத்திலிருந்து, ஒலியைத் தொடாமலே, தாம்ப்சனின் கோட்பாட்டில் பெரிய ஓட்டை விழுந்தது. ரஷ்யாவில் தோம்ஸ்க் நகரில் பிறந்து சிறுவயதிலேயே அமெரிக்காவில் குடியேறிய தத்தியானா ப்ரோஸ்கூரியாகோஃப், பியெத்ராஸ் நேக்ராஸ் என்ற மாயா நகரின் நினைவுத் தூண்களைக் கட்டிடங்களின் அடிப்படையில் தொகுதிகளாகப் பிரித்தார். ஒவ்வொரு தொகுதியிலும் உள்ள தேதிகள் ஒரு மனித ஆயுளுக்குள் அடங்குவதை 1960இல் காட்டினார். ஒரு குறி எப்போதும் முதல் தேதியோடு வருகிறது: பிறப்பு. இன்னொன்று சில ஆண்டுகள் கழித்து வருகிறது: அரியணை ஏற்றம். கல்லில் இருப்பது வெறும் வானியல் அல்ல, அரசர்களின் வரலாறு. தாம்ப்சன் இதை மட்டும் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார்.

இரண்டு ஆறுகளும் கலந்தது 1973இல், பலென்கேயில். லிண்டா ஷீலி, பீட்டர் மேத்யூஸ், ஃபிளாய்ட் லவுன்ஸ்பரி ஆகியோர் அங்கு நடந்த கூட்டத்தில் ஒன்றாக உட்கார்ந்து, அந்நகர அரச மரபின் பெரும்பகுதியை ஒரே பிற்பகலில் வரிசைப்படுத்தினார்கள். கல்லறை மன்னனின் பெயரும் வெளிவந்தது. சில இடங்களில் அது கேடயத்தின் படம். மாயா மொழியில் கேடயம் ‘பக்கல்’. வேறு இடங்களில் ‘ப–க–ல’ என்று அசைகளாகவே எழுதியிருந்தார்கள். 615இல் பன்னிரண்டு வயதில் அரியணை ஏறி 683இல் இறந்த பக்கல் மன்னன், க்னோரோசோவின் முறை துல்லியமாக எதிர்பார்த்தபடி, சொற்குறியாலும் அசைக்குறியாலும் எழுதப்பட்டிருந்தான்.

அதன் பிறகு வேகம்தான். பதினெட்டு வயதில் மெக்கார்தர் நல்கை பெற்ற டேவிட் ஸ்டூவர்ட், ஒரே ஒலிக்குப் பல குறிகள் மாறி மாறி வரும் என்பதைக் கண்டு 1980களில் அசைகளை அடுக்கடுக்காக வாசித்தார். குவாத்தமாலாவின் ரியோ அசூல் கல்லறையில் கிடைத்த மூடி போட்ட பானை ஒன்றில் ‘க–க–வ’ என்று அவர் படித்தார்: ககாவ், கொக்கோ. பானையின் உட்புறத்தைச் சுரண்டிச் சோதித்த வேதியியலாளர்கள் கொக்கோவின் தடயத்தைக் கண்டார்கள். எழுத்து வாசிப்பை ஆய்வகம் உறுதிசெய்த அந்தச் சான்றை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

க்னோரோசோவின் சொந்த வாசிப்புகளில் கணிசமானவை நிலைக்கவில்லை. மூன்று சுவடிகளையும் மொழிபெயர்த்து 1975இல் அவர் வெளியிட்ட நூலைப் பிற்கால ஆய்வாளர்கள் பல இடங்களில் திருத்தினார்கள். கல்வெட்டுகளின் நல்ல புகைப்படங்கள்கூட அவருக்கு எளிதில் கிடைக்கவில்லை. மேற்கில் இளைஞர்கள் ஒருவருக்கொருவர் வாசிப்புகளைக் கடிதத்தில் பரிமாறிக்கொண்டிருந்த காலத்தில் அவர் லெனின்கிராடில் தனித்திருந்தார். 1977இல் சோவியத் அரசுப் பரிசு வந்தது. பூனையை மடியில் அணைத்தபடி கண்களை உறுத்துப் பார்க்கும் அவருடைய புகைப்படம் புகழ்பெற்றது. அந்தச் சயாமியப் பூனையைக் கட்டுரையின் இணையாசிரியராகப் போடுவார் என்றும், பதிப்பாசிரியர்கள் வெட்டிவிடுவார்கள் என்றும் சொல்வார்கள். 1990இல் குவாத்தமாலா அரசுத் தலைவரின் அழைப்பில், எழுபதை நெருங்கும் வயதில், முதன்முறையாக மாயா நிலத்தில் கால்வைத்தார். திக்கால் பிரமிடுகளைக் கண்டார். மெக்சிகோ அவருக்கு அஸ்டெக் கழுகு விருதை அளித்தது. 1999 மார்ச் இறுதியில் பீட்டர்ஸ்பர்க்கில் காலமானார்.

அவர் பணியில் தமிழர்களை நேரடியாகத் தொடும் பகுதி ஒன்று உண்டு. 1960களில் சிந்துவெளி எழுத்தை ஆராய ஒரு சோவியத் குழு அமைந்தது. அதன் தலைமை க்னோரோசோவிடம் வந்தது. கணினியின் உதவியோடு குறிகளின் இடவமைப்பைப் பகுத்தார்கள். எந்தக் குறி சொல்லின் இறுதியில் மட்டும் வருகிறது, எது நடுவில் வருகிறது, எவை ஒன்றோடொன்று சேராது என்று பட்டியலிட்டார்கள். முன்னொட்டுகள் இல்லை, பின்னொட்டுகள் அடுக்கடுக்காக வருகின்றன. இந்த அமைப்பு திராவிட மொழிகளுக்கு நெருக்கமானது என்று 1965இல் முதல் அறிக்கையை வெளியிட்டார்கள். பின்லாந்தில் அஸ்கோ பர்ப்போலாவின் குழுவும் தனி வழியில் 1969இல் அதே முடிவுக்கு வந்தது. பிறகு ஐராவதம் மகாதேவன் 1977இல் வெளியிட்ட தொகுப்பு 417 குறிகளைப் பட்டியலிட்டு, இந்தத் துறைக்கே அடித்தளம் போட்டுக்கொடுத்தது.

ஆனால் சிந்துவெளியில் க்னோரோசோவுக்கு ஒரு ‘வான்கோழி’ கிடைக்கவில்லை. அதே மனிதர், அதே கூர்மை, கூடுதலாகக் கணினி; முடிவு மட்டும் வேறு. மாயாவில் அவருக்கு லாந்தாவின் பக்கம் இருந்தது. சிந்துவெளிக்கு அப்படி எதுவும் இல்லை. மாயா மொழிகளை இன்றும் பல லட்சம் பேர் பேசுகிறார்கள், பழைய அகராதிகளும் உண்டு. சிந்துவெளியின் மொழி எது என்பதே விவாதத்தில் இருக்கிறது. திராவிடம் என்று கொண்டாலும், நம் கையில் உள்ள மிகப் பழைய தமிழுக்கும் அந்த முத்திரைகளுக்கும் இடையே ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்குக் குறையாத இடைவெளி. மாயா கல்வெட்டுகள் தேதிகளோடு நீண்டு ஓடுகின்றன; சிந்துவெளி முத்திரையில் சராசரியாக ஐந்தே குறிகள். ஒரு குறியின் ஒலியை ஊகிக்கலாம். அந்த ஊகம் வேறொரு சொல்லில் தானாகப் பொருந்துகிறதா என்று சோதிக்க இடமே கிடைப்பதில்லை.

2025 ஜனவரியில், சிந்துவெளிக் கண்டுபிடிப்பின் நூற்றாண்டையொட்டிச் சென்னையில் நடந்த கருத்தரங்கில், அந்த எழுத்தைப் படித்துக் காட்டுபவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். நல்ல அறிவிப்பு, உலகின் கவனம் திரும்பியது. படித்துவிட்டேன் என்று வருபவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: நீங்கள் தந்த மதிப்பு, நீங்கள் எதிர்பாராத இன்னோரிடத்தில் பொருந்துகிறதா? திராவிடம் என்று சொல்பவரையும் சமஸ்கிருதம் என்று சொல்பவரையும் ஒரே தராசில் நிறுத்த வேண்டும்.

பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் ஓர் அக்காடிய உருளை முத்திரை இருக்கிறது. அதன் உரிமையாளர் ஷு-இலிஷு. மெலுக்கா மொழியின் துபாஷி என்று அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. மெலுக்கா என்பது சிந்துவெளிதான் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. ஆக, மெசொப்பொத்தேமியாவில் சிந்துவெளி மொழியைக் காதால் கேட்டு, ஆப்பெழுத்தில் எழுதத் தெரிந்தவர்களோடு பழகிய ஆள் ஒருவராவது வாழ்ந்திருக்கிறார். அவரைப் போன்ற ஒருவர் சொல்லி எழுதப்பட்ட சொற்பட்டியல் ஒன்று ஈராக்கிலோ வளைகுடாக் கரையிலோ தோண்டி எடுக்கப்பட்டால், அந்தப் பரிசுக்கு உரியவர் கிடைக்க அதிக நாள் ஆகாது என்பது என் கணிப்பு.